தட்டியில் தொங்கிய காலம்

எண்பதுகளில் சென்னையில் காலிச் சுவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரு கட்சி வெள்ளையடித்து, மூலையில் தன் பெயரையும் வருடத்தையும் எழுதி ரிசர்வ் செய்துவிட்டால் வீட்டுக்காரர்கூட வாய் திறக்க மாட்டார். மிச்சமிருந்த சந்துச் சுவர்களில் தோழர்கள் நடுராத்திரியில் காவியும் நீலமும் கரைத்து எழுதுவார்கள். விடிந்ததும் யாராவது வந்து அழிப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் நான் படமெடுப்பேன். மூன்று தரப்புமே வேலையில் சுத்தம்.

ஊட்டி இந்துநகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த கறுப்பு-வெள்ளை ஃபிலிமை மொத்தமாக வாங்கி, இருட்டில் துண்டாக வெட்டி, பழைய கேசட்டில் சுற்றிக்கொள்வேன். ஒரு ரோலுக்கு 36 படம். ஊர்வலம் என்றால் ஒரு ரோல், கல்யாணம் என்றால் நான்கு. முகூர்த்தக் காசில்தான் புரட்சிப் படம் கழுவ ஹைப்போ வாங்கினேன்.

கண்காட்சி என்றால் மூங்கில் தட்டி, பழுப்புக் காகிதம், குண்டூசி. ஆலை வாசலில் ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து நிறுத்துவோம். சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வருகிறவர் முதலில் தன் முகத்தைத் தேடுவார், பிறகு பக்கத்து மெஷின்காரரைத் தேடுவார். "ஏன் சார், நான் கண்ணை மூடினப்பதான் புடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார். அதைவிடக் கறாரான விமர்சனம் எனக்கு இன்றுவரை வரவில்லை. தெருவுக்குக் கலையைக் கொண்டுபோவதில் ஆபத்தும் இருந்தது. 1989 புத்தாண்டு நாளில், டெல்லிக்குப் பக்கத்தில் ஜண்டாபூரில் தெருநாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மியைத் தாக்கினார்கள், மறுநாள் இறந்துபோனார். நடுத்தெருவில் வட்டம் கட்டி நடிப்பதை வெட்டிப்பொழுது என்று கேலி செய்தவர்களும் அதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள்.

பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மழை வந்தால் கண்காட்சி கரைந்துவிடும். படத்தின் கீழே என் பெயர் போட்ட கட்சிப் பத்திரிகை எதுவும் நினைவில் இல்லை.

இப்போது பெயர் போடுகிறார்கள். பிறந்த ஊர், படித்த இடம், என் 'கலைப் பார்வை' எல்லாம் போடுகிறார்கள். கடைசியாகச் சொன்னதை க்யூரேட்டர்தான் எழுதித் தந்தார். படித்துப் பார்த்ததில் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. காண்ட்ராக்ட் முறையை எதிர்த்து நடந்த ஒரு பழைய வேலைநிறுத்தப் படத்தை அண்மையில் ஒரு கலைக்கூடத்தில் மாட்டினார்கள். பருத்திக் காகிதம், எண் போட்ட பிரதி, குளுகுளு ஏசி. வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம், "படமெல்லாம் பாத்தீங்களாண்ணே?" என்றேன். "ஏஜென்சி ஆளு சார் நானு. எனக்கு டூட்டி வாசல்லதான், உள்ள போகக் கூடாது" என்றார். பன்னிரண்டு மணி நேர டூட்டியாம்.

2019இல் சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்பட விழா பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸிலும் நடந்தது. கலைஞர் புஷ்பமாலா தொகுத்தது, நல்ல கண்காட்சி. பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தால் எதிரே தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. அதை மெரினா கடற்கரையில் வைத்த வருடம் 1959. பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று சுவரெழுத்துக்காரர்களைப் பிடிக்க உதவும் சட்டம் வந்ததும் அதே 1959தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா நிரம்பியதே, அதற்குப் பிறகு அங்கே போராட அனுமதி இல்லை. மறு வருடம் உயர் நீதிமன்றமும் கூடாது என்றுவிட்டது. சிலையோடு செல்ஃபி எடுக்கலாம், அட்டை பிடிக்க முடியாது. பாறையை நெம்பும் அந்த வெண்கலத் தொழிலாளிகள் நான்கு பேர் என்பதால் பிழைத்தார்கள். சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்ல ஐந்து பேர் வேண்டும்.

சுவருக்கும் இப்போது நல்ல காலம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகரில் 2020 வாக்கில் அடுக்குமாடி உயரத்துக்குப் பிரமாதமான ஓவியங்கள் வரைந்தார்கள். நகரத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு பார்க்கப் போனார்கள். படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்த வீடுகளில் இருப்பவர்கள் பழைய வேலைக்கு நகரத்துக்குள் வர எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதற்குச் சுவரில் இடமில்லை.

காவல்துறையைப் பதறவைத்த எதிர்ப்புக் கலை என்று அண்மைக் காலத்தில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் கோலமாவில் போட்டது. 2019 டிசம்பர் 29, மார்கழி ஞாயிறு காலை. பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று பெண்கள் கோலம் போட்டார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்கப்போன வழக்கறிஞர்களையும் விடவில்லை. அடுத்த நாளே கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசல் உட்பட ஊரெங்கும் அதே கோலம். சில நாட்களில் மயிலாப்பூர் மாட வீதியில் வழக்கம்போல் கோலப்போட்டி நடந்து பரிசும் கொடுத்தார்கள். அரிசிமாவு ஒன்றுதான், புள்ளி வைத்த இடம்தான் வேறு. எந்த பியனாலேவாலும் ஒரே இரவில் இத்தனை வாசல்களுக்குப் போக முடியாது.

போராட்டக் களத்தில் இன்று முதல் ஆள் முதல் கடைசி ஆள் வரை ஒரு முகம் விடாமல் பொறுமையாகப் படம் பிடிப்பவர் ஒருவர் உண்டு. காவல்துறையின் வீடியோகிராபர். நாங்கள் எல்லாரும் கோணம் தேடி ஏணி ஏறிக்கொண்டிருக்க, அவர் வேலையை முடித்துவிடுவார். அவருடைய தொகுப்புக்கு இன்னும் ஒரு க்யூரேட்டர் அமையவில்லை.

மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து படமெடுக்கும் எம். பழனி குமார், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். தன் அம்மாவின் வேலையைத் தானே படமெடுக்கும் பிள்ளைக்கு, என்னைப் போல் ஓரமாக நின்று முகம் தேட வேண்டியதில்லை. விழா நடத்தும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தப் படங்களை முதலில் அவர்கள் தெருவில், அந்த அம்மாக்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் மாட்டுங்கள். கூடத்துக்கு அப்புறம் கொண்டுவரலாம். கூடம் எங்கும் ஓடிவிடாது.