ஒரு செமஸ்டர் ஐரோப்பியர்

வெளிநாட்டில் ஐந்து வருஷம் படித்துத் திரும்பியவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வாடகை, வரி, விசா என்று பட்ட பாட்டில் அவருக்கு அந்த ஊர் அலுத்திருக்கும், வாயே திறக்கமாட்டார். ஒரே ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் போய்வந்தவரை இருட்டிலும் அடையாளம் காணலாம். "கொஞ்சம் ஃபேனைப் போடுப்பா" என்று யாராவது சொல்லிப் பாருங்கள். "ஆகன்ல ஃபேனே கிடையாது, தெரியுமா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். அவர்தான்.

எங்கள் மரக்காணத்துக்கு வருஷா வருஷம் இந்த இனம் வலசை வருகிறது. கழுவெளிக்கு வருகிற பறவைகளைப் போல என்று சொல்லலாம், 2021-ல் சரணாலயமாகவே அறிவித்துவிட்ட ஏரி அது. ஆனால் பறவை தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். ரூம் சர்வீஸ் கேட்காது.

நான் சொல்லும் நபர் என் பெரியம்மா மகன். அண்ணன் சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்கு ஆறு மாதம் போனார். ஐஐடி மெட்ராஸே 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்ததுதான். சென்னைப் பையன் ஒருவன் அந்தப் பக்கம் படிக்கப் போவதில் அதிசயம் எதுவும் இல்லை. அதிசயம், அவர் இன்னும் திரும்பி வராததுதான். உடம்பு வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறது, மற்றதெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது.

முதலில் உச்சரிப்பு. நாம் சொல்வதுபோல 'ஆகன்' இல்லையாம். நடு எழுத்தைத் தொண்டைக்குள்ளிருந்து காறி எடுக்க வேண்டுமாம். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று பெரியம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அண்ணி பதறிப்போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்தது ரயில். ஜெர்மனியில் ரயில் நொடி பிசகாது என்பார். 2024-ல் அந்த நாட்டு நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை நூற்றுக்கு 62 சொச்சம். ஆறு நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் அதைத் தாமதமாகவே எண்ணாத தாராளக் கணக்கில் கிடைத்த எண் அது. இதை எடுத்துச் சொன்னேன். "அது இப்போ. நான் இருந்தப்போ அப்படி இல்ல" என்றார். இவர் ஊருக்குக் கிளம்பியதும் ஜெர்மன் ரயில்வேக்கு மனசு விட்டுப்போயிருக்க வேண்டும்.

பாட்டில் கதையைக் கேட்காமல் யாரும் அவர் வீட்டில் சாப்பாடு முடித்ததில்லை. அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் அது திரும்பி வரும். அப்படிப் பொறுக்கிச் சேர்த்த காசில் ஒரு வாரம் ரொட்டி சாப்பிட்டிருக்கிறார். "என்ன ஒரு சிஸ்டம்!" என்று கண் கலங்குவார். நம் டாஸ்மாக்கிலும் அதே ஏற்பாடு உண்டே, 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்ததே, காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் தருவார்களே என்றேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை, அவர்கள் வந்து தங்கிய எங்கள் ஊர் ரிசார்ட்டின் சவுக்குத் தோப்பில் அவருடைய கோஷ்டியின் பாட்டில்கள் கிடந்தன. ரிசார்ட்டில் கூட்டிப் பெருக்கும் அம்மா பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். அவர் ஆகன் போனதில்லை.

அந்தக் கோஷ்டியைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரே கல்லூரியில் படித்த ஐந்து பேர், ஐரோப்பாவில் ஆளுக்கொரு ஊரில் எக்ஸ்சேஞ்ச். ஒரு சனி ஞாயிறு எல்லோரும் பிராக் நகரத்தில் கூடினார்கள். அங்கத்துப் பிள்ளைகள் 1987 முதல் எராஸ்மஸ் என்ற திட்டத்தில் நாடு விட்டு நாடு போய்ப் படிக்கிறார்கள்; அவர்களுக்கு இப்படிக் கூடுவது வாராந்தரச் சமாசாரம். நம் ஐவருக்கோ அந்த இரண்டு நாள்தான் இதிகாசம். அதில் மொத்தம் மூன்று காண்டம். ஹாஸ்டல் சமையலறையில் ஊரிலிருந்து போன புளிக்காய்ச்சலுக்குக் கடுகு தாளிக்க, தீ அலாரம் அடித்து அத்தனை பேரும் சட்டை இல்லாமல் தெருவில் நின்றது ஒன்று. சார்லஸ் பாலத்தில் விடிய விடிய உட்கார்ந்து 'லைஃப்' பற்றிப் பேசியது இரண்டு. கடைசி ரயிலைத் தவறவிட்டது மூன்று.

ஒவ்வொரு ரீயூனியனிலும் மூன்றும் அதே வரிசையில் அரங்கேறும். மனைவிமார்களுக்குப் பாராமல் ஒப்பிக்க வரும். அலாரக் காண்டத்தில் கடுகு எப்போது வெடிக்க வேண்டும் என்று அவர்கள்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ரயில் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. ஆரம்பத்தில் ஐந்து நிமிஷ வித்தியாசத்தில் விட்டார்கள். பிறகு ஒரு நிமிஷம் ஆனது. இப்போது கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் போனா ஏறிடுவாங்க" என்றார் அண்ணி, மீன் முள்ளை எடுத்தபடி.

ஜனவரியில் இவர்களின் வாட்ஸ்அப் குழு 'மறுபடியும் பிராக்' என்று கிளம்பும். பிறகு விசா, பிள்ளைகள் பரீட்சை, வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக முளைக்க, பிராக் பாலியாகும், பாலி கோவாவாகும், கோவா ஏலகிரியாகும். மார்ச் கடைசியில் எனக்கு ஃபோன் வரும்: "தம்பி, உங்க ஊர்ல கடலைப் பார்த்த மாதிரி நாலு ரூம் சொல்லி வைடா."

முதல் தடவை டிசம்பரில் வைத்தார்கள். வெளிநாட்டிலேயே வேலைக்குத் தங்கிவிட்ட ஒருவருக்கு அப்போதுதான் லீவு. உப்பளம் பார்க்க வேண்டும் என்று காரை நிறுத்தி இறங்கினால், கண்ணுக்கு எட்டிய மட்டும் மழைத்தண்ணீர். "உப்பு எங்கடா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார், நான் எடுத்து ஒளித்து வைத்ததுபோல. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். தை மாசிக்குத்தான் பாத்தியில் சேறு வழித்து, காலால் மிதித்துத் தரையை இறுக்கி, உவர்நீர் பாய்ச்சுவார்கள். அதற்குப் பிறகு அடுத்த மழை வரை உப்புதான். அண்ணனுக்கு இதெல்லாம் புதிய செய்தி.

அவருக்கு உப்பே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தை டிக்கெட் வாங்கிப் பார்த்தவர். அங்கே 7,000 வருஷமாக உப்பு எடுக்கிறார்கள் என்பார். சுரங்கத்துக்குள் மரச் சறுக்கில் வழுக்கி இறங்கியதைக் கையால் நடித்துக் காட்டுவார். எங்கள் அளமோ மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து, தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகப் பேர் சொல்வது, சாலையிலிருந்தே தெரிவது. டிக்கெட் கிடையாது. அதனாலோ என்னவோ, பாண்டிக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துபோயிருக்கிறார். சங்க காலத்து எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டு இருக்கிறது. கூட்டிப் போனேன். 1978-ல் யுனெஸ்கோ முதன்முதலாகப் பட்டியலிட்ட 12 இடங்களில் ஆகன் தேவாலயமும் ஒன்று என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், கோயில் வாசலில் தரை சுடுகிறது என்று காரிலேயே இருந்துவிட்டார்.

போன ஏப்ரலில் ஒருவழியாக உப்பு இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். வெயிலுக்கு முந்த வேண்டும் என்று விடியும் முன்பே அளத்தில் இறங்கிவிடுபவர்கள் எங்கள் ஆட்கள். ஐவர் கோஷ்டி கூலிங் கிளாஸோடு போய்ச் சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் அண்ணன் பேச்சுக் கொடுத்தார். பிரான்சில் கெராந்து என்று ஓர் ஊர், அங்கே பாத்தியில் மேலாக மிதக்கிற மெல்லிய ஏட்டை மட்டும் தனியாக வழித்து எடுத்து, கொள்ளை விலைக்கு விற்கிறார்கள் என்று விளக்கினார். உண்மையான தகவல்தான். அக்கா இடுப்பை நிமிர்த்திக் கேட்டார்.

"அப்பிடியா தம்பி? பலக அங்க கெடக்கு பாரு. மேலாக்க இருக்கிறத நீயே வாரிக்கினு போ. அடியில இருக்கிறது எங்களுக்குப் போதும்."

அண்ணன் பலகையைத் தொட்டுப் பார்த்தார். படத்துக்கு நின்றார். ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அன்று முழுவதும் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்தது அண்ணி. அக்கா அதே பலகையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பாண்டிச்சேரி. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சில் தெருப் பெயர். "அப்படியே ஐரோப்பாடா!" என்று ஐவரும் உருகினார்கள். எங்கள் ஆயாவுக்கு இந்த உருக்கம் புரிந்திருக்காது. 1954 நவம்பர் 1 வரை அவருக்குப் பாண்டிச்சேரி நிஜமாகவே வெளிநாடு. அதற்கும் முன்னால், 1815-ல், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இந்திய ஊர்களின் உப்பு வியாபாரத்தை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டு, வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். இந்தக் கரையில் நடந்த எக்ஸ்சேஞ்சுகளில் லாபமானது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணனிடம் சொல்லியிருப்பேன், அவர் அப்போது குரோசான் சரியாக வேகவில்லை என்று கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் பில் வரும். இறால் யார் சாப்பிட்டது, கடம்பா யார் சாப்பிட்டது என்று செயலியில் ஏற்றி, பைசா வரைக்கும் பிரிப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தவற்றில் இன்றும் பழுதாகாமல் வேலை செய்வது இந்தப் பழக்கம்தான். ரூம் சொல்லி வைத்தவன் என்ற முறையில் என் டீக்கும் ஒரு பங்கு வந்தது, கட்டிவிட்டேன்.

அடுத்த வருஷமும் ஜனவரியில் பிராக் என்று ஆரம்பிப்பார்கள், ஏப்ரலில் இங்கே வருவார்கள். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கோஷ்டி இருந்தால் தாராளமாகக் கூட்டி வாருங்கள். டிசம்பர் மட்டும் வேண்டாம். சித்திரை, வைகாசியில், காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். வரப்பில் நடங்கள், ஷூ காலோடு பாத்தியில் இறங்காதீர்கள். அது விற்பனைக்குப் போகிற உப்பு.