நெய் இல்லாத ரோஸ்ட்

சிறுவயதில் எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களிலேயே மணமானது ரோஸ்ட். அது ஒரு வினைச்சொல் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? ஓட்டல் சர்வர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்: சாதா, ரோஸ்ட், நெய் ரோஸ்ட், மசால் ரோஸ்ட். எது வேண்டும் என்று அப்பா எங்களைக் கேட்டதில்லை. அவரே சாதா சொல்லிவிடுவார். தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போகும் ரோஸ்டைப் பார்ப்பதற்கு மட்டும் பில் கிடையாது.

வெள்ளைக்காரர் இறைச்சியை நெருப்பில் வாட்டுவதற்கு வைத்திருந்த சொல் அது. மாவைக் கல்லில் இழுத்து முறுகவிடுவதற்கு அதைத் தூக்கிக்கொண்டது நம் தோசை மாஸ்டர்களின் துணிச்சல்.

மனிதரை வறுக்க அன்று நமக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. கணக்கு வாத்தியார் வறுத்தெடுப்பார், பாட்டி தாளித்துக் கொட்டுவாள், மேலதிகாரி காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சுவார். வறுபட்டவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவான். யாரும் கைதட்டமாட்டார்கள்.

இப்போது தட்டுகிறார்கள். அண்மையில் அலுவலகத்தில் எனக்குப் பிரிவு உபசார விழா. மாலையும் சால்வையும் முடிந்ததும், என்னிடம் வேலை கற்ற பையன் மைக்கைப் பிடித்தான். “இப்ப சாரை ரோஸ்ட் பண்ணப்போறோம்!” என் வழுக்கை, வந்த மெயிலை அச்செடுத்துப் படிக்கும் பழக்கம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு நான் ‘யோசிப்பது’ எல்லாம் வாணலிக்குள் விழுந்தன. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஸ்போர்ட்டிவ் இல்லாத ஆள் என்று ஆகிவிடும். முடித்துவிட்டு வந்து காலைத் தொட்டு ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டான்.

இது இன்ஸ்டாகிராம் காலத்துச் சரக்கு என்று அவன் வயதுக்காரர்கள் நினைக்கிறார்கள். ஆளைக் கேலி செய்வதற்கு இந்தச் சொல்லை ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியிருக்கிறார்கள். நியூயார்க்கின் ஃப்ரையர்ஸ் கிளப் அதை விருந்தாகவே ஆக்கியது. பெரிய நடிகர் ஒருவரை உட்காரவைத்து, நண்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து மானத்தை வாங்குவார்கள். அங்கே அதுதான் மரியாதை! 1970களில் நடிகர் டீன் மார்ட்டின் நடத்திய ரோஸ்டுகளை அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தது.

நம்மிடமும் ஒன்று இருந்தது. நலங்கில் சம்பந்தியை ஏசிப் பாடுவார்கள். மாமியாரின் மூக்கு, மாமனாரின் கஞ்சத்தனம் எதுவும் தப்பாது. ஆனால் ஏசலுக்கு ராகம் உண்டு, எதுகை உண்டு, எதிர்த்தரப்பின் பதில் பாட்டும் உண்டு. எங்கள் உறவில் ஒரு சம்பந்தி கோபித்துக்கொண்டு பந்திக்கே வரவில்லை. பெண்ணின் அப்பா போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சித்தான் அழைத்து வந்தார். ஏச்சு வாங்கியவருக்குக் கோபப்படும் உரிமையாவது இருந்தது.

எனக்குப் பதில் சொல்ல மைக் தரவில்லை. கேக் வெட்டச் சொன்னார்கள்.