வாய்க்குள் நுழையாத கூட்டாளிகள்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவனுக்குச் சொந்தபந்தத்தில் கிடைக்கிற மரியாதையே தனி. நிலம் வாங்குவது, பெண் பார்ப்பது, பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று எதிலும் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. எந்த மீனோடு எந்த மீனை விடலாம் என்று சந்தேகம் வந்தால் மட்டும் என் போன் அடிக்கும். சமீபத்தில் அடித்தவன் என் மைத்துனன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கிவிட்டானாம். நிரப்பினால் ஏறத்தாழ 190 லிட்டர். கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்த்து இருநூறு கிலோவைத் தாண்டும். அதைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைக்கப்போவதாகச் சொன்னான்.

இரும்பு ஸ்டாண்டுக்குச் சம்மதிக்கவைத்த பிறகு விஷயத்துக்கு வந்தான். "மாமா, ஏஞ்சல்னு முடிவாயிடுச்சு. பாப்பாவுக்கு அதுதான் வேணுமாம். கூட எதை விடறதுன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்."

சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஏஞ்சல் பார்வைக்குப் பரமசாது. வயிற்றுக்கடியில் இரண்டு நீண்ட இழைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, அசைவதே பாவம் என்பதுபோல் நிற்கும். ஆனால் பிறப்பால் அது சிக்லிட். நாம் குழம்பு வைக்கிற ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பம்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, நம் குளங்களில் நாட்டு மீன்களை ஓரங்கட்டிய கதை தெரிந்தவர்கள் அதன் அமேசான் பங்காளியிடமும் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருப்பார்கள். என்னைக் கேட்டால், ஏஞ்சல் என்பது மாடியில் குடியிருக்கிற சென்னை ஹவுஸ் ஓனர். சத்தம் ஆகாது, ஓட்டம் ஆகாது, தன் உடைமையில் யாரும் கை வைக்கக் கூடாது, சின்னக் குழந்தைகள் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையில் ஒரு சின்ன வித்தியாசம்: குழந்தைகள் இருந்தால் இவர் தின்றுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போனோம். வண்ண மீன் என்றால் சென்னைக்காரனுக்கு வேறு ஊர் தெரியாது. கடை கடையாகத் தொட்டிகள், ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பைகள், பையைத் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் மீன் எண்ணும் அப்பாக்கள். பாப்பா நேராக நியான் டெட்ரா தொட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டாள். நீலக் கோடும் சிவப்புக் கோடுமாக மின்னுகிற மீனைப் பார்த்து நிற்காத குழந்தை உண்டா? கடைக்காரர் அள்ளுவலையை எடுத்துவிட்டார். "தாராளமா விடுங்க சார். பாருங்க, ஏஞ்சலும் நியானும் நம்ம டேங்க்லயே ஒண்ணாத்தானே இருக்கு."

இருந்தது வாஸ்தவம். ஆனால் அங்கிருந்த ஏஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவு. அந்த வயதில் அது நியானைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கும். நன்றாகத் தின்றால் ஒரு வருடத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும். நியான் வளர்வதெல்லாம் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். பென்சில் கனம்கூட இருக்காது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அன்றைய தேதிக்கு உண்மை.

வளர்ந்த ஏஞ்சல் நியானை விழுங்குகிற விதத்தை ஒரு நண்பர் வீட்டுத் தொட்டியில் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். துரத்தல், சண்டை எதுவும் கிடையாது. விளக்கை அணைத்ததும் நியானின் நீலக் கோடு மங்கிவிடும்; செடியோரம் ஆடாமல் நிற்கும். விடிகாலை அரை வெளிச்சத்தில் ஏஞ்சல் மெல்ல வந்து எதிரே நிற்கும். தலையைக் கொஞ்சம் சாய்க்கும். வாய் குழாய்போல முன்னால் நீளும், மூடும். அவ்வளவுதான். காலையில் எண்ணினால் ஒன்று குறையும். வீட்டிலுள்ளவர்கள் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டுவார்கள். ஏஞ்சல் பழையபடி தியானத்தில் இருக்கும்.

"அப்ப வாய்க்குள்ள போகாத மீனா எடுக்கலாம்" என்று மைத்துனன் டைகர் பார்பைக் காட்டினான். சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன். உடம்பில் கருப்புப் பட்டை, காலில் சக்கரம். வாய்க்குள் போகாதுதான். ஆனால் அதற்கும் ஒரு வாய் இருக்கிறதே! ஏஞ்சலின் நீண்ட துடுப்பும் அந்த இழைகளும் கண்ணில் பட்டால் பார்புக்குப் பொறுக்காது, போகிற போக்கில் ஒரு கடி, வருகிற வரத்தில் ஒரு கடி. பத்துப் பன்னிரண்டாக விட்டால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு மற்றவரை மறந்துவிடும் என்பார்கள். அதை நம்பி ஏஞ்சலின் இழையை அடகு வைக்க நான் தயாரில்லை. செர்ப்பே டெட்ராவுக்கும் இதே கை அரிப்பு உண்டு.

அப்போதுதான் மாமியாரிடமிருந்து போன். வாஸ்துக்காரர் வந்து போனாராம். ஈசான மூலையில் தொட்டி, பொன்னிறத்தில் எட்டு மீன், கருப்பில் ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது. கூடினாலும் குறைந்தாலும் பலன் மாறிவிடும். ஈசான மூலையில் கிழக்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது, காலை வெயில் நேராக விழுந்தால் கண்ணாடி முழுக்கப் பாசி பிடிக்கும் என்றேன். "திரை போட்டுக்கலாம் மாப்பிள்ளை" என்றார். வாஸ்துவுக்குத் திரை தடையில்லையாம்.

மாமியார் மனதில் இருந்தது கோல்டு ஃபிஷ். அது குளிர்ந்த தண்ணீர் கேட்கும் மீன். ஏஞ்சலுக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். மே மாதச் சென்னையில் இரண்டும் சேர்ந்தே வேகும் என்பது வேறு விஷயம். தவிர, கோல்டு ஃபிஷ் தின்பதும் கழிப்பதும் ஒரு தனித் தொழிற்சாலை.

கடைக்காரர் சளைக்கவில்லை. "சக்கர் ஒண்ணு ஃப்ரீயா தர்றேன் சார், டேங்கை அதுவே சுத்தம் பண்ணிடும்" என்றார். விரல் நீளத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அது ஒரு அடிக்கு மேல் வளரும். பாசி அலுத்துப்போனால் ஏஞ்சலின் தட்டையான உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சவும் தொடங்கும். அதன் பிறகு ஜனங்கள் அதை ஏரியில் கொண்டுபோய் விட, அங்கே மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. இலவசத்தை மறுப்பது நமக்குக் கஷ்டம்தான்; மறுத்தோம்.

"பேசாம ஏஞ்சலையே ஜோடியா விட்டுட்டா?" என்றான் மைத்துனன், களைத்துப்போய். ஜோடி சேர்ந்தால் ஒரு அகல இலையையோ ஃபில்டர் குழாயையோ சுத்தமாகத் துடைத்து, பெண் வரிசையாக முட்டை வைக்கும், ஆண் பின்னாலேயே வந்து நனைக்கும். இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறும், வெளுத்த முட்டையைப் பொறுக்கித் தள்ளும். பார்க்கக் கண்கொள்ளாத காட்சி, நமக்கு. மற்ற மீன்களுக்குத் தொட்டியில் முக்கால் பாகம் தடை செய்யப்பட்ட பகுதி. இத்தனையும் காவல் காத்துவிட்டு, யாராவது பயமுறுத்தினால் பெற்றோரே முட்டையைத் தின்றுவிடவும் செய்யும்.

மூன்றாவது கடையில் எனக்கு ஞானம் பிறந்தது. வாஸ்துக்காரர் பொன்னிறம் என்றுதான் சொன்னார். கோல்டு ஃபிஷ் என்று சொல்லவில்லை. எட்டு ஆரஞ்சு ஸ்வார்டு டெயில் என்று முடிவு செய்தோம், இரண்டு ஆணும் ஆறு பெண்ணும். வளர்ந்தால் ஏஞ்சல் வாய்க்கு அடங்காது, துடுப்பைக் கடிக்கும் குணம் பெரிதாகக் கிடையாது, நம் போர் தண்ணீரின் கடினத்தையும் தாங்கும். கூட ஒரே ஒரு கருப்பு ஏஞ்சல். பண்ணையில் பிறந்தது என்பதால் அமேசான் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காது. தரையில் சிந்தும் தீனிக்கு ஆறு கோரிடோரஸ். இது கணக்கை உதைக்குமே என்று வாஸ்துக்காரரிடம் கேட்டதற்கு, தரையோடு கிடப்பவை பூமி தத்துவம், எண்ணிக்கையில் வராது என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

பாக்டீரியா குடியேறுவதற்காகக் காலித் தொட்டியை ஒரு மாதம் ஓடவிடச் சொன்னபோது மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது ஸ்வார்டு டெயில்கள் மாதம் தவறாமல் குட்டி போடுகின்றன. ஒன்பது முப்பதாகி, வாஸ்து என்னவாகியிருக்கும்? கருப்பு ஏஞ்சல் பார்த்துக்கொள்கிறது. காலையில் மாமியார் எண்ணும்போது கணக்கு சரியாக ஒன்பது. போன வாரம் மட்டும் செடிக்குள் ஒளிந்து ஒரு குட்டி தப்பிவிட்டது. அதற்குத் தனித் தொட்டி வேண்டும் என்கிறாள் பாப்பா. இரண்டாவது தொட்டிக்கு எந்த மூலை என்று மாமியார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.