பாரம் பார்ப்பவர்

தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் எங்கேனும் ஒரு டிராக்டர் பெட்டியில் நெல் மூட்டையோ வைக்கோலோ ஏறத் தொடங்கினால், அழைப்பும் கூலியும் இன்றி அவ்விடம் வந்து சேரும் ஒருவர் உண்டு. அவரைப் பாரம் பார்ப்பவர் எனலாம். வண்டி அவருடையதன்று, நெல்லும் அவருடையதன்று. ஆயினும் எந்த மூட்டை எங்கே இருக்க வேண்டும் என்னும் இறுதித் தீர்ப்பு தம்முடையதே என்பதில் அவருக்கு ஐயமில்லை. பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பெட்டியை அளந்துவிட்டு, "பின்பாரம்டா தம்பி, ரெண்டு மூட்டைய முன்னால தள்ளு" என்பார்.

அவருடைய கல்வி மாட்டுவண்டிக் காலத்தது. இருசக்கர வண்டியில் அச்சுக்கு முன்னே மிகும் எடை முன்பாரம், பின்னே மிகுவது பின்பாரம். முன்பாரம் அளவு மீறினால் நுகத்தடி காளையின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் மீறினால் ஏர்க்கால் மேலெழும்பி, காளையை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே வண்டிக்காரர் சுமையைச் சற்றே முன்பாரமாக ஏற்றி, எஞ்சிய பிழையைத் தம் உடம்பைக் கொண்டே திருத்துவார்: மேடேறும்போது முன்னே நகர்ந்தும், வாய்க்கால் பாலத்துச் சரிவில் பின்னே சாய்ந்தும் அமர்வார். மாடு போய் டிராக்டர் வந்த பின்னும் இக்கணக்கு மாறவில்லை. இருசக்கரப் பெட்டியில் பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேல்நோக்கித் தள்ளப்பட்டு, டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பிழந்து சேற்றில் சுழலும். முன்பாரம் எல்லை கடந்தால் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்ப, ஸ்டீயரிங் வெறும் அலங்காரமாகிவிடும்.

இதை அறியப் பாரம் பார்ப்பவர் கையாளும் சோதனை எளியது: சுமை ஏறியதும், கொக்கியில் மாட்டுமுன், பெட்டியின் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பது, சுலபமாக எழும்பினால் பின்பாரம். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு தூக்கும் வேலையை அருகில் நிற்கும் இளைஞனிடம் ஒப்படைத்துவிட்டு, மூச்சு வாங்குவதை மட்டும் தாம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

வயலில் பெற்ற இந்தப் புலமை மல்லிப்பட்டினம் கடற்கரையிலும் செல்லுபடியாவதுதான் வியப்பு. உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் ஃபைபர் படகொன்றைப் பெட்டியில் ஏற்றுவதைக் கண்டுவிட்டால், கடலில் கால் நனைத்தறியாத அந்த மனிதர், முதலில் படகுக்கு எது முன்பக்கம் என்று விசாரித்து, மறுகணமே, "பின்னாடி கிடக்கிற எஞ்சினைக் கழற்றி முன்னால வையுங்கப்பா" என்று உத்தரவிடுவார். அவ்வுத்தரவு சரியானதே. படகின் வால்பக்கம் தொங்கும் எஞ்சினின் கனம் அச்சுக்குப் பின்னே விழுந்தால், வேகம் கூடும்போது பெட்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கி இழுக்கும் வண்டியையும் சேர்த்து அலைக்கழிக்கும். ஆகையால் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது மேலைநாட்டார் படகு இழுப்பதில் கொண்டுள்ள பொதுவிதி. கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டைக் கணக்கில் சொன்னால், நூறு மூட்டைக்குப் பத்து மூட்டைக் கனம். பாரம் பார்ப்பவர் இவ்விதியைக் கேள்விப்பட்டதில்லை; கேள்விப்பட்டால் தம்மிடமிருந்து போனது என்பார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஓட்டுநர்களும் முணுமுணுத்துக்கொண்டே மூட்டையை நகர்த்துகிறார்கள். ஆனால் சுமை ஏறி முடிந்து, ஆள்மாற்றி ஆள் கயிறு இழுத்துக் கட்டவேண்டிய நேரத்தில் அவர் டீக்கடையில்தான் இருப்பார்.