தொங்கல் இயல்

சர்வர் தொங்குதல் அறுவகைப்படும். ஐவகை என்பாரும் உளர். அவர்கள் என்எஃப்எஸ் மவுண்டோடு குடித்தனம் நடத்தாதவர்கள். வகை ஒன்றே, அதன் பெயர் 'ஹேங்' என்பாரும் உளர். அவர்கள் டிக்கெட் எழுதுகிறவர்கள், அவர் கூற்று இங்கே கொள்ளப்படாது.

ஆறுக்கும் பொதுவிதி ஒன்று. தொங்குவது எதுவாயினும் எதற்காகவோ காத்திருக்கிறது: ரேமுக்காக, டிஸ்க்குக்காக, பூட்டுக்காக, இன்னொரு த்ரெட்டுக்காக. காத்திருக்கும் பொருளை வைத்தே வகை பிரிக்க வேண்டும். அற்றேல், ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடுகிறதே எனின், ஆகும்; காத்திருந்ததும் காக்கவைத்ததும் சேர்ந்தே அழிவதால் கேள்வியும் அழிகிறது. விடை மட்டும் அடுத்த மாதக் கடைசியில், சம்பளப் பட்டியல் ஓடும் நேரத்தில் திரும்பி வரும் என்க.

முதலாவது போலித் தொங்கல். 64 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 'ஃப்ரீ' கட்டளை அடித்தால், காலியாக இருப்பது 300 எம்பி என்று காட்டும். பார்த்தவர் அலறுவார். லினக்ஸ், படித்த கோப்புகளைப் பேஜ் கேஷில் வைத்துக்கொள்ளும். வேறொருவர் கேட்டால் விட்டுக்கொடுக்கும். இந்த அலறல் பொறுக்காமலோ என்னவோ, 2014-இல் வந்த கர்னல் 3.14 'அவெய்லபிள்' என்ற மதிப்பீட்டைத் தானே கணக்கிட்டுத் தரத் தொடங்கியது. அதையும் பாராமல், நள்ளிரவு க்ரானில் கேஷைத் துடைத்தெறியும் ஸ்கிரிப்ட் வைப்போர் இவ்வகையின் உட்பிரிவினர். காலையில் டேட்டாபேஸ் மந்தமாக இருப்பதை அவர்கள் தனி நோயாகப் பதிவு செய்வர்.

இரண்டாவது கசிவு. அது மறந்த கசிவு, மறக்காத கசிவு என இருபாற்படும். சி மொழியில் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராதது மறந்தது. ஜாவாவில் ஒரு மேப்பில் போட்டுக்கொண்டே போய் எதையும் எடுக்காதது மறக்காதது. ஜாவாவில்தான் கார்பேஜ் கலெக்டர் உண்டே எனின், யாரோ ஒருவர் கையில் பிடித்திருக்கும் பொருளை அது குப்பையாகக் கொள்ளாது. ஹீப் நிரம்ப நிரம்ப ஃபுல் ஜிசி அடுத்தடுத்து ஓடும். சிபியு 100 சதவீதம் காட்டும். பதில் மட்டும் வராது. உழைத்துக்கொண்டே தொங்குவது இது ஒன்றே. மருந்து ஹீப் டம்ப். அதை எடுக்குமுன் ரீஸ்டார்ட் செய்தவருக்கு மருந்து இல்லை. எல்லா ப்ராசஸ்களையும் கூட்டினாலும் போன கணக்கு வரவில்லை எனில், கசிவது கர்னலாக இருக்கலாம், 'ஸ்லாப்டாப்' பார்க்க.

மூன்றாவது திணறல். ஆங்கில நூலோர் த்ராஷிங் என்பர். 1968-இல் பீட்டர் டென்னிங் இதற்குக் காரணம் கண்டு எழுதினார்: ஓடும் ப்ராசஸ்கள் அண்மையில் தொட்ட பக்கங்களின் கூட்டுத்தொகை ரேமை மிஞ்சினால், ஒன்றின் பக்கத்தைக் கொண்டுவர இன்னொன்றின் பக்கத்தை வெளியேற்ற வேண்டும்; வெளியேறியது அடுத்த நொடியே கேட்கப்படும். வேலை நடப்பது நின்று, பக்கங்கள் போய்வருவதே வேலையாகிவிடும். இதற்குக் குறி: 'விஎம்ஸ்டாட்'டில், டிஸ்க்கிலுள்ள ஸ்வாப்புக்குப் பக்கங்கள் போய்வருவதைக் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகள் ஓயாமல் நிறையும், பிங்குக்குப் பதில் வரும், எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும், ப்ராம்ப்ட் வராது. பிங்குக்குப் பதில் சொல்வது கர்னல், அதன் பக்கங்கள் வெளியேற்றப்படுவதில்லை. ப்ராம்ப்ட் தரவேண்டிய ஷெல்லோ டிஸ்க்கிலிருந்து வந்தாக வேண்டும்.

ஆகவே ஸ்வாப்பை நீக்கினால் திணறல் இராது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. ஸ்வாப் இல்லாவிடினும், ஓடும் ப்ரோக்ராம்களின் கட்டளைப் பக்கங்கள் கோப்பிலிருந்து வந்தவையாதலின், கர்னல் அவற்றைத் தயங்காமல் எறிந்துவிட்டு மறுபடி படிக்கும். எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் பூஜ்யமாக இருக்க, டிஸ்க் மட்டும் மூச்சுவிடாமல் படித்துக்கொண்டிருக்கும். ஸ்வாப்பைக் குற்றம் சொல்லவும் வழியின்றி நிற்பதே ஸ்வாப்பை நீக்கியதன் பயன். இப்படிக் காத்துக்கிடக்கும் நேரத்தை அளந்து சொல்ல பிஎஸ்ஐ என்றொரு மானி 2018-இல் கர்னல் 4.20-இல் சேர்ந்தது. அது இருப்பதை அறிந்தோர் சிலர். அறிந்தும் அலாரம் வைத்தோர் அவரினும் சிலர்.

நான்காவது கொலை. தொங்கலின் முடிவாதலின் இங்கே ஓதப்பட்டது. லினக்ஸ் நினைவகம் கேட்பவருக்கெல்லாம் பெரும்பாலும் 'சரி' என்கிறது. உண்மையில் பக்கம் தருவது அவர் அதில் எழுதும்போதுதான். ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு ஐந்நூறு இலைக்குச் சமைக்கும் கல்யாண வீடு இது. எல்லாரும் வருவதில்லை என்பதால் இத்தனை காலம் மானம் தப்பிவருகிறது. ஒருநாள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அப்போது ஓஓஎம் கில்லர் எழும். அது ஒவ்வொரு ப்ராசஸின் ரேம், ஸ்வாப் பங்கைக் கணக்கிட்டு, நிர்வாகி கொடுத்த கூட்டலையோ கழித்தலையோ சேர்த்து, மதிப்பெண் மிகுந்ததைக் கொல்லும். கசியவிட்டது யார் என்று விசாரிக்காது. பெருத்திருப்பதே குற்றமாதலின் பெரும்பாலும் மாள்வது டேட்டாபேஸ். கசியவிட்ட சிறு ஸ்கிரிப்ட் பிழைத்துக்கிடந்து மேலும் கசியும். எனவே 'டிமெஸ்க்' பதிவில் இறந்தவர் பெயரைப் பார்த்து அவரையே குற்றவாளியாக்கும் அறிக்கைகளை ஏற்கற்க. கொலை நடந்தபோது உடனிருந்தோர் பட்டியலையும் கர்னல் அதற்கு மேலேயே அச்சிடும். மதிப்பெண்ணில் -1000 வைத்தால் அந்த ப்ராசஸுக்கு உயிர்ப்பிச்சை. எல்லாவற்றுக்கும் -1000 வைத்த நிர்வாகிகளும் உண்டு. கொல்ல ஆளின்றிப் போனால் கர்னல் பேனிக் ஆகித் தானே மாளும். கண்டெய்னருக்குள் 137 என்ற எண்ணோடு வெளியேறியது பெரும்பாலும் இக்கொலையே: 128-உடன் கில் சிக்னலின் 9.

ஐந்தாவது டி நிலை. இதில் அகப்பட்ட ப்ராசஸ், டிஸ்க்கோ தூரத்து என்எஃப்எஸ் சர்வரோ பதில் சொல்லும்வரை விழிக்காது. பல வேளைகளில் 'கில் -9' கொடுத்தாலும் சாகாது. இரண்டாம் முறை கொடுத்தாலும் சாகாது. சத்தமாக என்டர் தட்டினாலும் சாகாது. லினக்ஸின் லோட் ஆவரேஜ் இவற்றையும் எண்ணுவதால், சிபியு சும்மா கிடக்க லோட் 200 என்று காட்டும். 120 விநாடி கடந்தால் கர்னல் ஒரு புகார் எழுதிவைக்கும், அவ்வளவே. மறுமுனையில் இறந்த சேமிப்பகத்தை எழுப்புவதே வழி.

ஆறாவது பூட்டுப் பிணக்கு. இருவர் ஒருவர் கையிலிருப்பதை ஒருவர் கேட்டு நிற்பது. இதற்கு வேண்டிய நான்கு நிபந்தனைகளைக் காஃப்மனும் உடனாசிரியர் இருவரும் 1971-இலேயே வகுத்துவிட்டனர். அவற்றுள் ஒன்றை உடைத்தால் போதும். நூல் தெளிவு, கோடு எழுதுவோர் நூல் படிப்பதில்லை.

இனி ஒழிபு. எண்ணிக்கையில் மிகுந்ததும் எவ்வகையிலும் அடங்காததும் தானே தீர்ந்த தொங்கல். நீங்கள் லாகின் செய்வதற்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். 'சார்' பதிவைத் திறந்தால், வழக்கமான அமைப்பில் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கும். 3:01-க்கு வந்து 3:08-க்குப் போன தொங்கலுக்கு 3:00-இலும் சாட்சி இல்லை, 3:10-இலும் சாட்சி இல்லை. சராசரியில் ஒரு மேடு மட்டும் தெரியும். இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைக்கக் கோரினால் டிஸ்க் இடம் போதாது என்பர். டிக்கெட்டில் 'கண்காணிப்பில் உள்ளது' என எழுதி மூடுவது மரபு.