ஃபியூஸ் மேல் கோபம் வேண்டாம்!

கேள்வி: ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன். கரடுமுரடான பாதைக்காக என் ஹிமாலயன் பைக்கில் நானே இரண்டு கூடுதல் விளக்கு மாட்டினேன். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 30 போட்டால் தொல்லை தீருமா?
– ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: தீரும், வண்டியும் சேர்ந்து தீர்ந்துவிடும்! ஒயர் எரிவதற்கு முன் தான் எரிந்துபோவதுதான் ஃபியூஸின் வேலை. சிவப்பு 10-ஐ எடுத்துவிட்டுப் பச்சை 30-ஐச் செருகினால், அடுத்து உருகுவது ஒயரின் மேலுறை. அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

கணக்குப் போடுங்கள். 55 வாட் ஹாலஜன் இரண்டு, 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். அதே ஃபியூஸில் ஹாரனும் இருந்தால் எப்படித் தாங்கும்? பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ், ஒரு ரிலே. இதுதான் முறை.

விளக்கைப் போடாதபோதும் ஃபியூஸ் போனால், எங்கோ ஷார்ட். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் ஒயர் தேய்ந்து செம்பு மினுங்குகிறதா என்று பாருங்கள். தொடுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் வேண்டாம். குலுக்கலிலும் மழையிலும் அது நிற்காது.

ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்தில் ஆலை திறந்தது. 2016-இல் ஹிமாலயனை அறிமுகப்படுத்தியது. உங்கள் வட்டாரத்து வண்டிக்கு நீங்களே வைத்தியம் பார்ப்பது நல்ல விஷயம்தான். விளக்கு, ஹாரன் வரை தாராளமாகக் கை வையுங்கள். ஏபிஎஸ் கோளாறை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பிரேக்கில் பாடம் கற்க வேண்டாம்!