ரீவொர்க் அங்கிள்

பெங்களூர் தொம்மலூரில் ஓர் அபார்ட்மென்ட் இருந்தால் அதில் பாடுகிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். வாரம் முழுக்க கம்ப்யூட்டர், சனிக்கிழமை கரோக்கி. ஆன்லைனில் வாங்கிய மைக்கைக் கட்டிலோரம் நிறுத்தி, ஒரு ராஜா பாட்டைப் பாடி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, போனைக் கீழே வைக்காமல் காத்திருப்பார்கள். குழுவும் ஏமாற்றாது. கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டும். "எஸ்.பி.பி.யே வந்து பாடின மாதிரி இருக்கு" என்று, பாட்டைத் திறந்தே பார்க்காத ஒருவர் எழுதுவார். பாட்டு நாலரை நிமிஷம். பாராட்டு நாற்பதாவது விநாடியில் வந்துவிடும்.

இத்தனை அமளியிலும் ஒருவர் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டைக் கடைசி வரை கேட்டுக்கொண்டிருப்பார். லேஅவுட்டுக்கு ஒருவர் இப்படி வாய்ப்பதுண்டு. எங்களுக்கு வாய்த்தவர் ரீவொர்க் அங்கிள்.

எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே மேஜைக்கு வரும் உதிரிபாகத்துக்கு மூன்றே கதிதான்: ஏற்கலாம், ரீவொர்க், ஸ்கிராப். பாட்டு விஷயத்தில் அங்கிளுக்கு நடுவில் உள்ளது மட்டும்தான் தெரியும். "ஏற்கலாம்" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "ஸ்கிராப்" என்றும் சொல்ல மாட்டார். "மெட்டீரியல் உன் தொண்டை, தம்பி. அதை எங்கே கொண்டுபோய்ப் போடறது?"

அவருடைய பதில் தனியாக வரும், விநாடிக் கணக்கோடு வரும். "0:22 – 'ப' சொல்லும்போது காத்து மைக்கை அறையுது. மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ச்சு வை. 1:05 – ஃப்ரிட்ஜ். 1:48 – தேஜஸ். நல்ல எஞ்சின். 2:30 – குக்கர் விசில். பாட்டு முழுக்க சுருதி விலகாம நிக்கிறது அது ஒண்ணுதான்."

பயணிகள் விமானமெல்லாம் 2008-இல் தேவனஹள்ளிப் புது ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டாலும், எச்.ஏ.எல். பழைய ஏர்போர்ட்டில் சோதனை ஓட்டங்கள் நிற்கவில்லை. தலைக்கு மேலே போவது துருவா தேஜஸா என்று அங்கிள் படுத்த படுக்கையில் சொல்வார். அந்தக் காதிடம் போய், 'ஃபேனை அணைத்துவிட்டுத்தான் பாடினேன்' என்று புளுக முடியுமா?

முதல் தடவை பாடி அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே புகார்: "என் குரல் இப்படியா இருக்கு? மைக் சரியில்லை." அங்கிள் பொறுமையாக விளக்குவார். நாம் பேசுவது நமக்குக் காற்று வழியாகவும் கேட்கிறது, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது. எலும்பு வழி வருவதில் கனம் கூடுதல். மைக்குக்குக் கிடைப்பது காற்று வழி மட்டும்தான். "மைக் பொய் சொல்லலை. உன் மண்டைதான் இத்தனை வருஷமா உனக்கு ஐஸ் வச்சிட்டிருக்கு."

அடுத்த பிரச்சினை எதிரொலி. பிசிறை மறைக்க ரிவெர்ப்பை அள்ளிக் கொட்டுவார்கள். "நம்ம சொக்கநாதசுவாமி கோயில் கல்லு மண்டபத்துலகூட இவ்வளவு எதிரொலி கிடையாதே" என்பார். அந்தக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதையும் விட மாட்டார். "கல்லுல வெட்டினவனுக்கு ஒரு எழுத்து தப்பினா போச்சு. உனக்கென்ன, அழிச்சிட்டுத் திரும்ப எடுக்கலாமே! துணி பீரோவைத் திறந்து வச்சு, புடவைப் பக்கமாப் பாடு. துணி எதிரொலியைக் குடிச்சிடும்."

"ரஹ்மானே வீட்லதான் அங்கிள் ஆரம்பிச்சாரு" என்று ஒருவன் மடக்கப் பார்த்தான். "ஆமா. கோடம்பாக்கத்து வீட்டுப் பின்கட்டை ஸ்டூடியோவா மாத்தினாரு. நீ பெட்ரூமை பெட்ரூமாவே வச்சிருக்கே. உன் போர்வை மடிக்கிற சத்தம் 0:03-ல கேக்குது."

ஆட்டோடியூன் போட்டு அனுப்பினாலும் தப்ப முடியாது. எண்ணெய்க்காகப் பூமியைத் துழாவும் ஒலி ஆய்வில் வேலை பார்த்த ஆன்டி ஹில்டெபிராண்ட் 1997-இல் கொண்டுவந்த சுருதி திருத்தும் கருவி அது. "எண்ணெய் தேடினவர் செஞ்சதுப்பா. அதுவும் இருக்கிற இடத்துலதான் எடுக்கும். நீ ரெண்டு சுரத்துக்கு நடுவுல நின்னா அது எந்தப் பக்கம் இழுக்கும்? கமகத்தையெல்லாம் படிக்கட்டாக்கி வச்சிருக்கு பாரு."

தமிழில் இசை விமர்சனத்துக்கு நல்ல காரமான பரம்பரை உண்டு. கல்கி, 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதினார். டில்லியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே சுப்புடு வித்வான்களின் தூக்கத்தைக் கெடுத்தார். அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: திட்டு வாங்கிய வித்வானோடு மறுநாள் காலையில் ஒரே லிஃப்டில் இறங்க வேண்டியதில்லை. அங்கிளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனாலோ என்னவோ, அவர் தொழிலில் ஒரு தர்மம் வைத்திருக்கிறார். அறையைப் பற்றி எத்தனை குறை வேண்டுமானாலும் எழுதுவார். குரலைப் பற்றி ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று. "ஃப்ரிட்ஜுக்கு மனசு கிடையாது, சார்" என்று என்னிடம் காரணம் சொன்னார். அந்த ஒன்றும் நாளைக்கே செய்து பார்க்கக்கூடியதாக இருக்கும்: இந்தச் சொல்லின் நடுவில் மூச்சு வாங்காதே, அந்த இடத்தில் தாளத்துக்கு முன்னால் ஓடாதே. 'இன்னும் ஃபீல் வேணும்' என்று சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஃபீலை எந்தக் கடையில் போய் வாங்குவது? புகழ்வதிலும் விநாடிக் கணக்கு உண்டு. "0:50-ல 'ழ' சுத்தமா விழுந்திருக்கு" என்பார். 'சூப்பர்' என்ற சொல் அவர் போனில் இல்லை.

பாடுகிறவர்கள் பாடு வேறு. "உள்ளதைச் சொல்லுங்க அங்கிள், எதையும் தாங்கிப்பேன்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். பாராட்டைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். பதில் வந்ததும் சிலர் வணக்கம் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். சிலருடைய அம்மாக்கள் ஆன்ட்டியிடம் வந்து குறைப்படுவார்கள். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டா உங்க கை தேஞ்சா போயிடும்? நாளைக்கு அவங்க வீட்டுக் கல்யாணத்துல போய் உக்கார வேண்டாமா?" என்று ஆன்ட்டி இரைவார். கல்யாணத்துக்கும் போனார். மொய்க் கவரை மாப்பிள்ளையிடம் கொடுத்தார், மைக் எங்கே வீலென்று கத்துகிறது என்ற குறிப்பை ஆர்க்கெஸ்ட்ரா மிக்சர்காரரிடம் கொடுத்தார்.

'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று ஊரே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்கிற பெங்களூரில், கால் சுருதியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதரிடம் யார் திரும்பிப் போவார்கள்? போகிறார்கள், அதுதான் வேடிக்கை. நாற்பது 'சூப்பர்' வாங்கியவர்கள் நாலு மாதத்தில் மைக்கைப் பரணில் போட்டுவிட்டார்கள். அங்கிளிடம் குட்டு வாங்கியவர்கள்தான் இன்னும் பாடுகிறார்கள். தன் பாட்டை ஒருவர் முழுக்கக் கேட்டார் என்பதற்கு அந்தக் குக்கர் விசிலைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவது மாடிப் பெண் ஒரே பாட்டை ஐந்தாவது தடவையாக எடுத்து அனுப்பினாள். அங்கிளிடமிருந்து வெறும் "ம்" என்று பதில் வந்தது. அவள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். குழுவே கூடி வாழ்த்தியது. மாடிக்கு மாடி இனிப்பு போனது. சாயங்காலம் அங்கிளிடமிருந்து அடுத்த செய்தி: "கண்ணாடி போடாம தொட்டதுல அந்த 'ம்' போயிடுச்சும்மா. 3:10-ஐ இன்னொரு தடவை கேளு."